கூட யாரும் வரலியா?

கும்பகோணம், இரவு எட்டே கால் மணி. சிங்கிள் ரூம் 900 ரூபாய் என்று பலகை வைத்திருந்த ஒரு லாட்ஜின் படியேறினேன். ரிசப்ஷனில் இருந்தவரின் தலைக்கு மேல் ஆணிகளில் சாவிகள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், 11.

"ரூம் இருக்குங்களா?"

"இருக்கு மேடம். எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்."

அவர் என் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டு பின்னால் யாராவது வருவார்கள் என்று கொஞ்சநேரம் காத்திருந்தார்.

"கூட யாரும் வரலியா?"

"இல்லைங்க."

"ரூம் இல்லை மேடம்."

அந்த நொடியில் 11 அறைகளும் நிரம்பிவிட்டன. சாவிகளுக்குப் பக்கத்தில் காமாட்சி படம் மாட்டியிருந்தது. அவளும் துணையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மாலை, ஊதுவத்தி, ஜீரோ வாட்ஸ் பல்பு. எனக்கு வாசல்.

காரணம் கேட்டேன். மனுஷன் மறைக்காமல் சொன்னார்: "தனியா வர்ற லேடீஸ் ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நாங்கதானே ஸ்டேஷனுக்கு அலையணும்?" ஆக, ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு தனியே வந்தால் சாக வந்திருப்பாள், இல்லையென்றால் அவர் வாய்விட்டுச் சொல்லக் கூசிய இன்னொன்றுக்காக வந்திருப்பாள். தாராசுரம் கோயிலைப் பார்க்க வந்திருப்பாள் என்பது மட்டும் அவர் கணக்கிலேயே கிடையாது. இந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அதன்படி பார்த்தால் எனக்குப் பின்னால் வந்த மூன்று ஆண்களைத்தான் அவர் பயந்துபோய்த் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவர்களுக்குச் சாவி கிடைத்தது. "சோடா, கிளாஸ் அனுப்பட்டுங்களா சார்?" என்ற உபசாரமும் கிடைத்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, ஆண் பெண் என்ற வேறுபாட்டைக் காட்டி யாருக்கும் கடையிலோ உணவகத்திலோ ஹோட்டலிலோ இடம் மறுக்கக் கூடாது என்கிறது. 1950இல் கிளம்பிய சட்டம். கும்பகோணத்துக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. டிக்கெட் எடுக்காத பெண்ணாக இருந்தாலும், ஆண்துணை இல்லாதவளை இரவில் ரயிலிலிருந்து இறக்கிவிடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் சொல்கிறது. டிக்கெட் எடுக்காதவளுக்கு ரயிலில் இருக்கும் மரியாதை, காசை நீட்டியவளுக்கு லாட்ஜில் இல்லை.

நான்கு லாட்ஜ் ஏறி இறங்கினேன். "ஃபேமிலிக்கு மட்டும்தாங்க." "ஓனர் திட்டுவாரு." "வீட்டுக்காரர்கிட்ட ஃபோன் போட்டுக் கொடுங்க, பேசறேன்." ஐந்தாவது இடம், ஏசி ஹோட்டல். வாடகை 2,800 ரூபாய். கார்டைத் தேய்த்ததும் கைகூப்பி, குளிர்ந்த துண்டு கொடுத்து, "வெல்கம் மேம்" என்றார்கள். கூட யாரும் வரலியா என்று ஒரு நாக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது: தமிழ்ப் பண்பாடு 900 ரூபாய் அறையில்தான் குடியிருக்கிறது. 2,800 ரூபாய் அறைக்குள் வர அதற்கு வசதியில்லை.

நான்கு நாள் பயணத்துக்கு மாதாமாதம் மிச்சம்பிடித்து நான் சேர்த்திருந்தது 5,000 ரூபாய். பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் போயிற்று. மறுநாள் போவதாக இருந்த தரங்கம்பாடியை வெட்டிவிட்டு ஊர் திரும்பினேன். "தனியே புறப்படு, உன்னைக் கண்டுபிடி" என்று சூரிய அஸ்தமனத்தில் தலைமுடி பறக்க நின்று அழைக்கிற விளம்பரங்களுக்கு ஒரு தகவல்: என் சுயம் ஒருவேளை தரங்கம்பாடிக் கடற்கரையில்தான் உட்கார்ந்திருந்ததோ என்னவோ. போய்ப் பார்க்கக் காசில்லை.

பஸ்ஸுக்கு என்ன குறை என்பீர்கள். குறையே இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களிடம் காசு வாங்குவது கிடையாது. 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் அதை 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். திட்டத்தின் பெயர் விடியல் பயணம். தாராசுரத்திலிருந்து காசில்லாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்; நன்றி. விடியும்வரை நான் எங்கே படுப்பது என்பதை மட்டும் லாட்ஜ்காரர் முடிவு செய்கிறார்.

தாராசுரம் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரும் அந்த அறுபத்துமூவரில் ஒருவர். அவர் கணவன் கப்பலேறிப் போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். துறைமுகத்தில் அவனைப் பார்த்து எவனும் "கூட யாரும் வரலியா?" என்று கேட்கவில்லை. அம்மையார் கயிலாயத்துக்குத் தனியே போவதற்கு முன் என்ன செய்தார்? அழகையும் சதையையும் உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றிய ஔவையார், இளமையிலேயே பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானார் என்கிறது கதை. கண்ணகி மதுரையிலிருந்து தனியாக வெளியேறி மலை வரைக்கும் நடந்தாள். அதற்கு முன் ஊரைக் கொளுத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பெண் தனியாகப் போக முன்னோர் வகுத்த தகுதி இந்த மூன்றுதான்: பேயாக இரு, கிழவியாக இரு, இல்லையென்றால் தீப்பெட்டி கொண்டு வா. நாலாவது லாட்ஜின் படியிறங்கும்போது எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது.

கடல் கடந்து போனால் தொல்லையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, பாஸ்போர்ட் கேட்ட ஒரு பெண்ணிடம் "கணவர் கையெழுத்து எங்கே?" என்றார்கள். மனைவிக்குப் பாஸ்போர்ட் வாங்கக் கணவனின் அனுமதி தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன ஆண்டு 1925 இல்லை, 2025.

ஆகவே நானும் பண்பாட்டுக்குக் கட்டுப்பட்டேன். அடுத்த விடுமுறையில் ஒரு ஆணைக் கூட்டிக்கொண்டு போனேன். என் அக்கா மகன். வயது 8, மூன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டு இல்லை. அதே கும்பகோணம், அதே லாட்ஜ், அதே மனிதர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், பிறகு கீழே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி கூட வந்திருக்காரா? அப்ப சரி மேடம்." தலைக்கு மேலிருந்து சாவி இறங்கியது. ரிஜிஸ்டரில் எத்தனை பேர் என்ற இடத்தில் 2 என்று எழுதி, 'ஃபேமிலி' என்று டிக் அடித்தார். என் கற்பு, உயிர், லாட்ஜின் மானம், காவல்துறையின் நிம்மதி எல்லாவற்றுக்கும் அந்த ராத்திரி காவல் அவன்தான்.

நடுராத்திரி இரண்டு மணிக்குக் காவலர் என் தோளை உலுக்கி எழுப்பினார்.

"சித்தி, பாத்ரூம் போகணும். இருட்டா இருக்கு. நீயும் கூட வர்றியா?"