எலி இல்லாத வீட்டில் எலிப்பொறி

மிச்சிகன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டிவலி தேவலைங்களா? பட்டறையில் புது லேத் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அப்பா போனில் சொன்னார். கொஞ்ச நாளாக எங்கள் சாப்பாட்டு மேஜையும் பட்டறையாகத்தான் கிடந்தது.

பாப்பாவுக்கு எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு கார் செய்யச் சொல்லிவிட்டார்கள். பெட்ரோல், பேட்டரி எதுவும் கூடாது, தள்ளியும் விடக்கூடாது. ஒரே ஒரு எலிப்பொறியின் ஸ்பிரிங்தான் இஞ்சின். பொறி வாங்கப் போன ஹார்டுவேர் கடையில், கல்லாவில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "தொல்லை ஜாஸ்தியோ?" என்றார். "எட்டாம் வகுப்பு புராஜெக்ட்" என்றேன். "ஐயோ பாவம்" என்று மீதிச் சில்லறையைத் தந்தார். எலி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு இரக்கம் கிடைத்திருக்காது.

பலகை மேல் கம்பி பட்டென்று வந்து அடிக்குமே, அந்த வகைப் பொறி. இல்லினாய்ஸ் மாநிலத்து அபிங்டன் ஊர்க்காரர் வில்லியம் ஹூக்கர் 1894-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஹென்றி ஃபோர்டு டெட்ராய்ட்டில் தன் வீட்டுக் கொட்டகையில் முதல் வண்டியைச் செய்து முடித்தது 1896-இல்தான். ஆக, ஃபோர்டு வண்டியைவிடப் பாப்பாவின் இஞ்சின் இரண்டு வயசு மூத்தது. அந்த வண்டி கொட்டகை வாசலில் நுழையாமல், செங்கல் சுவரைக் கோடரியால் இடித்து வெளியே கொண்டுவந்தாராம் ஃபோர்டு. இதைப் படித்துவிட்டு வந்து பாப்பா, "நான் சுவரையா இடிக்கிறேன்? சிடிதானே கேட்கிறேன்" என்றாள்.

சக்கரத்துக்குத்தான் சிடி. ஊரிலிருந்து பெட்டியில் சுமந்துவந்ததெல்லாம் போட்டுக் கேட்க மெஷின் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. முதலில் அவள் கை போனது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தின் மேல். உங்க மருமக பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்: "முருகனைத் தரையில உருட்டுவீங்களா?" கடைசியில் பழைய கம்ப்யூட்டரோடு வந்த சிடிகள் பலியாயின. வழுக்காமல் இருக்க, பலூனை வெட்டி ஓரத்தில் மாட்டினாள்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பொறிக் கம்பியோடு 30 செ.மீ. குச்சி ஒன்றைக் கட்டி, நுனியில் நூல். நூலின் மறுமுனையைப் பின் அச்சில் சுற்றணும். குச்சி அரைவட்டம் புரளும்போது 60 செ.மீ. நூலை இழுக்கும். அச்சு 5 மி.மீ. கனம், ஆகவே 38 சுற்று. சிடி ஒரு சுற்றுக்கு 37 செ.மீ.க்குச் சற்று மேலே நகரும். பெருக்கினால் 14 மீட்டர். குச்சியைக் குட்டையாக்கினால் இழுவை கூடி வண்டி பாயும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நூலை அச்சில் முடிச்சும் போடக்கூடாதாம். குச்சி படுத்த பிறகும் வண்டி ஓடுமே, அப்போது நூல் எதிர்ப்பக்கம் சுற்றி பிரேக் பிடித்துவிடும். கொக்கியில் மாட்டினால் வேலை முடிந்ததும் தானே கழன்றுகொள்ளும். இத்தனையும் பாப்பா எனக்கு எடுத்த பாடம். கார் கம்பெனியில்தான் எனக்குச் சம்பளம் என்பதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

என் கஷ்டம் வேறுங்க. வகுப்பிலிருந்து வந்த தாளில் முதல் விதியே, பெற்றோர் கை படக்கூடாது என்பது. இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு கார் இஞ்சினியர். விதி யாரை நினைத்து எழுதியது என்று புரிகிறதுதானே? முன் அச்சு அரை நூல் அளவுக்குக் கோணல் என்று எனக்குக் கண்ணாலேயே தெரிகிறது. வாயைத் திறந்தால், "அதை நான்தான் கண்டுபிடிக்கணும்ப்பா" என்கிறாள். ராத்திரி அவள் தூங்கியதும் ஸ்குரூ டிரைவரோடு மேஜைப் பக்கம் போனேன். வண்டி மேல் ஒரு சீட்டு, தமிழில்: "தொடாதீங்க". தமிழ்ப் பள்ளிக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை.

போட்டியன்று பள்ளி வராண்டாவில், பெண் பார்க்கப் போகுமிடத்தில் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லிக் கூட்டிவந்த மாமாவைப் போல, அப்பாக்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். ஒரு பையன் குட்டைக் குச்சி வைத்திருந்தான். விட்டதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, பாதி வராண்டாகூடப் போகாமல் படுத்துவிட்டது. பாப்பாவின் வண்டி கிளம்பியதா என்றே முதலில் தெரியவில்லை. குச்சி நிதானமாகச் சாயச் சாய, சிடிகள் மினுங்கிக்கொண்டு ஊர்ந்தன. 9 மீட்டர் தாண்டி, இடப்பக்கம் ஒதுங்கி, சுவரில் முட்டி நின்றது. அதே அரை நூல்! நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தூரத்துக்குக் கொஞ்சம் மார்க்தானாம். ஏன் வளைந்தது என்று நோட்டில் எழுதுவதற்குத்தான் நிறைய. கோணலை அளந்து படம் போட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தாள், முழு மார்க். நேராக ஓடியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காதே என்று வேறு கேட்கிறாள். நம்ம பட்டறையில் கோணல் அச்சுக்கு நீங்கள் போடும் மார்க் என் மண்டையில் இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதம் திருத்திய வண்டியோடு இன்னொரு ஓட்டம் உண்டு. உள்விட்டம் 5 மி.மீ. வருகிற சின்ன பேரிங் நாலும், நேராக ஒரு அச்சும் கடைந்து அனுப்புங்க. பெற்றோர் கைதான் படக்கூடாது. சின்னத் தாத்தா கையைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. பார்சல் மேல் 'கார் உதிரிபாகம்' என்று மட்டும் எழுதிவிடாதீங்க, வரி கேட்பார்கள். விளையாட்டுச் சாமான் என்றே எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் பெரியவன்