காவலுக்குக் காசு யார் மடியில்?

கேள்வி: கஞ்சாவை ஏற்றுமதிக்குப் பயிரிட விடுகிறார்களாமே! காவல் காக்கிற செலவும் நம் தலையில்தானா?
– ஒரு வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: செடிக்குக் காவல் போடுவது சுலபம் அக்கா, காசுக்குக் காவல் போடுவதுதான் கஷ்டம்!

2025இல் இதற்கென முன்வந்த வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு நம் அரசு வைத்த நிபந்தனை: தலைக்கு 50 லட்சம் டொலர் முதலீடு, மத்திய வங்கியில் 20 லட்சம் டொலர் வைப்பு. நல்லது. ஆனால் வைப்பு என்பது பிணைதான். பரிசோதகரின் மாதச் சம்பளம் அதிலிருந்து வராது. 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா, பெரிய உரிமக்காரர்களிடம் வருமானத்தில் 2.3 சதவீதத்தை, குறைந்தது 23,000 கனடிய டொலரை, ஆண்டுதோறும் கண்காணிப்புக் கட்டணமாக வாங்குகிறது. விற்கிறவன்தான் காவலுக்கும் கொடுக்கிறான்.

ஆனால் விற்கிறவனிடம் வாங்கினாலும் சுமை அங்கேயே நிற்பதில்லை. நம் தேயிலையில் 2010இல் ஏற்றுமதிக் கிலோவுக்கு 3.50 ரூபாய் விளம்பர வரி போட்டார்கள். மேலே போடுகிற சுமை கீழே எப்படி இறங்கும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? கொழுந்து நிறுக்கையில் கூடைக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிபடுவதைத் தராசு முள்ளிலேயே பார்க்கிறவர் நீங்கள்.

அதனால் இங்கும் கஞ்சாக் கண்காணிப்புக் கட்டணத்தை முதலீட்டாளரிடமே வாங்குங்கள்; அதைத் திறைசேரியில் கரைத்துவிடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். வருடா வருடம் அந்தக் கணக்கைப் பாராளுமன்றத்தில் காட்டுங்கள். அரசிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.