ஒட்டகக் கணக்கு

பெத்ரா நுழைவாயிலில் சீட்டு வாங்கிய கையோடு அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒரு நாள் சீட்டு ஆளுக்கு 50 தினார். இருவருக்கு 100. நம்மூர்க் காசில் பன்னிரண்டாயிரம் வாக்கில் வந்தது. மறுபடி பெருக்கிப் பார்த்தார்; மறுபடியும் அதேதான் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் அவர். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் பயணப்படிப் பட்டியலைச் சிவப்பு மையால் அடித்துப் பழகிய கைக்கு, தன் பட்டியலைத் தானே எழுதுவது சங்கடமாக இருந்தது.

“குதிரையும் இதுலயே அடக்கமாமே,” என்றார் மனைவி, சீட்டைத் திருப்பிப் பார்த்து.

அடக்கம்தான். வாயிலிலிருந்து ‘சிக்’ எனப்படும் மலையிடுக்கு தொடங்கும் இடம்வரை குதிரைச் சவாரி சீட்டுக் கட்டணத்தில் சேர்ந்தது. காசு கட்டியதை அனுபவிக்காமல் விடுவது அவர் அகராதியில் நஷ்டக் கணக்கு என்பதால் அம்மாள் ஏறினார். அவர் பக்கத்தில் நடந்தார். இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. சவாரி இலவசம், இனாம் தனி. குதிரைக்காரர் வாய் திறந்து கேட்கவில்லை, கையும் நீட்டவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புக்கு 5 தினார் ஆனது.

இதில் குதிரைக்காரரை நொந்து பயனில்லை. ஜோர்டானின் தெற்கில், மழை அபூர்வமாக எட்டிப் பார்க்கும் இந்தக் கல்மலைக்கு நடுவே ஓர் ஊர் தழைத்ததே வழிப்போக்கர் காசில்தான். தெற்கு அரேபியாவிலிருந்து பறங்கிச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டகமேறி மத்தியதரைக் கடலோரத்துக் காசாவுக்குப் போகும். பாதையில் தண்ணீர் இருக்கும் இடம் இந்த ஊரைக் கட்டிய நபத்தேயர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. வேறென்ன வேண்டும்? ஆரம்ப காலத்தில் அவர்கள் வீடு கட்டக் கூடாது, பயிர் வைக்கக் கூடாது, மது அருந்தக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று வாழ்ந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் பிற்பாடு மலையையே குடைந்து மாளிகை முகப்புகள் செதுக்கினார்கள் என்றால் வசூல் எப்படி இருந்திருக்கும்!

எப்படி இருந்தது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ரோமானியர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதி வைத்தது: சாம்பிராணி ஏற்றிய ஓர் ஒட்டகம் கடற்கரை வந்து சேர்வதற்குள் 688 தினாரியஸ் செலவாகிவிடும். ஓரிடத்தில் தண்ணீருக்குக் காசு, இன்னோரிடத்தில் தீவனத்துக்கு, தங்குமிடத்துக்கு, அப்புறம் சுங்கம். ரோமானியச் சிப்பாயின் வருஷச் சம்பளம் அப்போது 225 தினாரியஸ். ஆக, ஒரே ஓர் ஒட்டகத்தின் ஒரு பயணத்தில் சிப்பாயின் மூன்று வருஷச் சம்பளம் காலி. இதைப் படித்த நாளே நம்மவருக்குப் பிளினி மீது மரியாதை வந்துவிட்டது. விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு நோட்டில் கோடு கிழித்து, அதே தலைப்புகளைப் போட்டுக்கொண்டார்.

சிக் 1.2 கிலோமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, மேலே ஒரு கீற்று வானம். எல்லோரும் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் மட்டும் பாறையோரமாக ஓடிய வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக இடுப்பு உயரத்தில் பாறையிலேயே வெட்டிய கால்வாய். எதிர்ச் சுவரில் சுட்ட மண் குழாய்கள் பதித்த தடம். வழியில் ஓரிடத்தில் ஒட்டக வரிசை ஒன்றைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்து வெள்ளமும் காற்றும் அரித்ததுபோக மிச்சம் இருப்பது ஒட்டகங்களின் கால்களும், ஒட்டிப்போனவரின் அங்கி விளிம்பும் பாதங்களும்தான். முகம் இல்லை, முதுகில் இருந்த பாரம் இல்லை. நடந்த கால் மட்டும் அப்படியே இருக்கிறது. முட்டிவலிக்காரரான அவர் அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுக்கு முடிகிற இடத்தில் சட்டென்று கஸ்னே. நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையில் செதுக்கிய முகப்பு. 1989-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் நாயகன் உள்ளே நுழைந்தால் பொறிகளும் பாதாளங்களும் வரும். நிஜத்தில் உள்ளே இருப்பது வெறும் கல்லறை அறைகள், அதையும் வாசலோடு எட்டிப் பார்ப்பதோடு சரி. கஸ்னே என்றால் கருவூலம். உச்சியிலுள்ள கல் குடத்தில் எகிப்து மன்னன் ஒளித்த புதையல் இருப்பதாக நம்பி ஊர்க்காரர்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். தோட்டா வடுக்கள் இன்னும் தெரிகின்றன. குடம் முழுக் கல். அதைச் சுட்டவர்களின் பேரன்மார் கீழே நின்று, ஒட்டகத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குறி தப்பவில்லை.

பெத்ராவுக்கு மலிவாக வந்துபோனவர் ஒருவர் உண்டு. சுவிஸ்காரர் யோகான் லுட்விக் புர்க்ஹார்ட். 1812 ஆகஸ்ட் 22 அன்று ஷேக் இப்ராஹிம் என்ற வேடத்தில், மலைமேல் இருக்கும் ஹாரூன் நபி சமாதியில் ஆடு வெட்டுவதாக நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். வழிகாட்டிக்கு அவர் கொடுத்த கூலி பழைய குதிரை லாடம் ஒரு ஜோடி. இடிபாடுகளுக்குள் அவர் நுழைந்து நுழைந்து பார்ப்பதைக் கண்டு, புதையல் எடுக்க வந்த ஆள் என்று வழிகாட்டி சந்தேகப்பட்டதும், ஒழுங்காகப் போய் ஆட்டை வெட்டிவிட்டுத் திரும்பினார். லாடம் ஒரு ஜோடி, ஆடு ஒன்று. நம்மவர் இதை நோட்டின் ஓரத்தில் தனியாகக் குறித்து, பொறாமையோடு அடிக்கோடிட்டார்.

கஸ்னேயைத் தாண்டினால் கடைகள். அம்மாள் சிவப்புக் கட்டம் போட்ட சால்வையொன்றைக் கையில் எடுத்தார். உடனே அவர் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவை இழுத்தார்: நபத்தேயரில் சொத்தைக் கரைத்தவனுக்கு ஊரறியத் தண்டம், பெருக்கியவனுக்கு மரியாதை என்று அவர் எழுதியிருக்கிறார்.

“அந்த ஸ்டிராபோ இங்க வந்தாரா?”

“வரலை. அவர் சிநேகிதர் அத்தினோதோரஸ் வந்துட்டுப் போய்ச் சொன்னது.”

“வராதவர் பேச்சை எதுக்குக் கேக்கணும்?” என்று அம்மாள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்-தேர் எனப்படும் மடாலத்துக்குப் படிகள் எண்ணூறுக்கும் மேல். வழிநெடுகக் கழுதைக்காரர்கள், “டாக்ஸி? ஏசி டாக்ஸி?” ஏறி முடித்தால் கஸ்னேயைவிட அகலமான முகப்பு, ஆனால் அதைப் பார்க்கவிடாமல் எதிரே பலகைகள். உலகத்திலேயே சிறந்த காட்சி இந்தப் பக்கம் என்று ஒன்று, அந்தப் பக்கம் என்று இன்னொன்று. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தேநீர்க் கூடாரம். சர்க்கரை தூக்கலான தேநீரோடு ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மாள் விசிறிக்கொள்ள நோட்டை வாங்கினார். விசிறினார். நிறுத்தினார். பிரித்துப் படித்தார்.

“ஏங்க, காலைல நான் சாப்பிட்ட ரொட்டியைத் தீவனம்னா எழுதிவெச்சிருக்கீங்க?”

அவர் பிளினி என்று ஆரம்பிப்பதற்குள் அம்மாள் எழுந்துபோய், இறங்குவதற்குக் கழுதை பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கழுதை.