கேள்வி – பதில்: பழைய வீடியோ கேமுக்கு வால் எதற்கு?

பரணிலிருந்து இறங்கிய பழைய வீடியோ கேமைப் பற்றி இங்கே இரண்டே வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பரண் காலியாகிவிட்டது போலிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே ஆசை: வயரை ஒழிக்க வேண்டும்.

வயர் தடுக்கி விழுந்தவர், மதுரை
கே: தொண்ணூறுகளில் வாங்கிய டிவி வீடியோ கேம் இன்னும் ஓடுகிறது. அதற்குப் புளூடூத் கன்ட்ரோலர் போட முடியுமா?

ப: தாராளமாக. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகலாக இருக்கும். அசலோ நகலோ, பெட்டிக்குத் தெரிந்தது எட்டே கேள்விதான். ஏ அமுக்கியிருக்கிறதா? பி? செலக்ட்? ஸ்டார்ட்? மேல்? கீழ்? இடம்? வலம்? இதையே நொடிக்கு 60 முறை கேட்கும். பால் (PAL) முறை டிவிக்கான பெட்டி என்றால் 50 முறை. அதே வரிசையில், கேட்ட நேரத்தில், ஆம் இல்லை என்று சொன்னால் போதும். பதில் சொல்வது யார் என்று ரேஷன் கார்டு கேட்காது.

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், கோவை
கே: அந்தக் கேள்வி-பதில் உள்ளே எப்படி நடக்கிறது?

ப: ஐந்து கம்பிகளில். 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் வந்ததும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எட்டுப் பட்டன்களையும் நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்கும். பிறகு கிளாக் துடிக்கத் துடிக்க, படத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக டேட்டா கம்பியில் அனுப்பும். அமுக்கிய பட்டனுக்கு 0, சும்மா இருக்கும் பட்டனுக்கு 1. நகல் கன்ட்ரோலரைத் திறந்தால் 4021-க்குப் பதில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கலாம். அதற்கும் அதே வேலைதான். வயர்லெஸ் ஆக்குவது என்றால், அந்த போட்டோகிராபர் உத்தியோகத்தைப் புளூடூத் தெரிந்த ஒரு சிப்புக்குக் கொடுப்பது. வேறொன்றுமில்லை.

ஆன்லைனில் அலைபவர், சேலம்
கே: எந்தச் சிப் வாங்குவது?

ப: ஈஎஸ்பி32. அதில் ஏற்றுவதற்கு ப்ளூரெட்ரோ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பெயருக்குப் பின்னால் எஸ்3, சி3 என்று வால் முளைத்தவை வேண்டாம். அவற்றுக்குப் புளூடூத் லோ எனர்ஜி மட்டுமே தெரியும். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் பேசுவதோ பழைய கிளாசிக் புளூடூத். முதலில் வந்த ஈஎஸ்பி32 இரண்டும் பேசும். குடும்பத்தில் மூத்தவருக்குத்தான் எல்லா உறவும் தெரிந்திருக்கிறது.

அவசரக்காரர், ஈரோடு
கே: ஐந்து கம்பியையும் நேராகச் சிப்பில் பற்றவைத்துவிடலாம்தானே?

ப: விளையாட்டுப் பெட்டி 5 வோல்ட் ஆள், ஈஎஸ்பி32-ன் கால்கள் 3.3 வோல்ட் ஆள். நேராகக் கொடுத்தும் ஓடுகிறது என்பவர்கள் உண்டு. ஹெல்மெட் இல்லாமலும் வண்டி ஓடத்தான் செய்கிறது. நடுவில் ஒரு லெவல் ஷிஃப்டர் போடுங்கள். இன்னொன்று, பெட்டியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கும் போர்டில் அதே நேரத்தில் யுஎஸ்பி வயரையும் செருகாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் சோறு ஊட்டினால் குழந்தைக்கே புரையேறும்.

சால்டரிங் ராடைத் தொடாதவர், தஞ்சாவூர்
கே: பற்றவைக்கவே தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு வழியே இல்லையா?

ப: உங்கள் பெட்டி நின்டெண்டோவின் அசல் என்இஎஸ் அல்லது சூப்பர் நின்டெண்டோ என்றால் 8பிட்டோ போன்ற கம்பெனிகள் ரெடிமேட் ரிசீவர் செய்திருக்கின்றன, செருகினால் ஆட்டம். நகல் பெட்டி என்றால் சிக்கல். சிலவற்றில் 9 பின், சிலவற்றில் 15 பின். பின் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் எந்தப் பின்னில் என்ன வருகிறது என்பது தயாரித்தவர் மனசைப் பொறுத்தது. ஒரு மல்டிமீட்டரும், பற்றவைக்கத் தெரிந்த நண்பரும் வேண்டும். பிளக்குக்காக, ஏற்கெனவே செத்துப்போன கன்ட்ரோலரின் வாலை வெட்டுங்கள். உயிரோடிருப்பதை வெட்டாதீர்கள். நாளைக்கே மனசு மாறினால் பெட்டி பழையபடி இருக்க வேண்டும்.

கான்ட்ரா வீரர், திருநெல்வேலி
கே: வயர்லெஸ் என்றால் டிலே வராதா? நான் குதிப்பதற்குள் குண்டு வந்துவிடுமே?

ப: 60 முறை கேட்கும் பெட்டியில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட். நல்ல கன்ட்ரோலரும் நல்ல ரிசீவரும் அமைந்தால் தாமதம் அந்த அளவை ஒட்டியே இருக்கும். உண்மையான குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார்: உங்கள் எல்ஈடி டிவி. படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது பல ஃபிரேம்களை விழுங்கிவிடும். முதலில் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். பிறகும் குண்டு பட்டால், குறை விரலில்.

குழம்பியவர், புதுச்சேரி
கே: அடாப்டர் போட்டதிலிருந்து மரியோ தானாகவே வலப்பக்கம் ஓடுகிறார். பேய் பிடித்திருக்கிறதா?

ப: பேயில்லை, கணக்குப் பிசகு. ஒரு கிளாக் துடிப்பைக் கூடுதலாக எண்ணிவிட்டால் வரிசை ஓர் இடம் முன்னால் நகரும். கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி 'வலம்'. அதற்குப் பதிலே மிச்சமிருக்காது. அந்தக் காலி இடத்தைப் பெட்டி 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். கிளாக் கம்பியைக் குட்டையாக்குங்கள், கிரவுண்டைச் சரிபாருங்கள். இந்த நோய் அசல் பெட்டிக்கும் உண்டு: பதிவுசெய்த ஒலித்துண்டு ஒன்று ஓடும்போது ஒரு துடிப்பு கூடிவிடும். அதனால்தான் 1988-ல் வந்த சூப்பர் மரியோ 3 ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் நம்புகிறது. அனுபவஸ்தர்!

நேர்மையாளர், கரூர்
கே: கான்ட்ராவில் 30 உயிர் கிடைக்கும் அந்த ரகசிய வரிசை வயர்லெஸ்ஸிலும் வேலை செய்யுமா?

ப: செய்யும். விளையாட்டுக்குத் தெரிவது பட்டன் மட்டுமே, வயர் அல்ல. அந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது அவருக்கே அது கஷ்டமாக இருந்ததாம். ஆகவே கூச்சப்படாதீர்கள்.

டிவியை மறைத்தபடி பெருக்குபவர், விருதுநகர்
கே: அந்தக் காலத்திலேயே வயர்லெஸ் இருந்ததா?

ப: இருந்தது. உங்களைப் போன்றவர்களால்தான் தோற்றது. 1989-ல் நின்டெண்டோ விற்ற என்இஎஸ் சாட்டிலைட்டில் நான்கு பேர் கன்ட்ரோலரைச் செருகலாம். அங்கிருந்து விளையாட்டுப் பெட்டிக்கு இன்ஃப்ராரெட், அதாவது டிவி ரிமோட் வித்தை. குறுக்கே யாராவது விளக்குமாற்றோடு வந்தால் ஹீரோ அங்கேயே நிற்பார். 2002-ல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த வேவ்பேர்டு கன்ட்ரோலர் ரேடியோ அலைக்கு மாறியது. பெருக்கலுக்கும் விளையாட்டுக்கும் சமாதானம் அன்றுதான்.

குறிபார்ப்பவர், நாகர்கோவில்
கே: வாத்து சுடும் துப்பாக்கியையும் வயர்லெஸ் ஆக்கிவிடலாமா?

ப: வயர் இருக்கும்போதே புது டிவியில் அது சுடாது. விசையை இழுத்ததும் திரை இருண்டு, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சார் அந்தக் கணமே பார்த்தாக வேண்டும். எல்ஈடி டிவி மின்னுவதற்குள் கணம் போய்விடும். அதற்குப் பிக்சர் டியூப் வைத்த பழைய குண்டு டிவிதான் வேண்டும்.

மனசாட்சி உறுத்துபவர், திருச்சி
கே: சின்ன வயதில் தம்பியிடம் இணைப்பே கொடுக்காத கன்ட்ரோலரைத் தந்து "நீயும் ஆடுறடா" என்று ஏமாற்றினேன். வயர்லெஸ்ஸில் அது முடியுமா?

ப: இன்னும் சுலபம், காட்டிக்கொடுக்க வயரே இல்லை. ஆனால் ஒரு விவரம்: ஈஎஸ்பி32 போர்டு ஒன்றே இரண்டு கன்ட்ரோலருக்கும் போதும். லாட்ச் இருவருக்கும் பொது. இரண்டாம் ஆட்டக்காரருக்குத் தனியாகத் தேவைப்படுவது கிளாக்கும் டேட்டாவும்தான். ஆக, தம்பிக்கு நீங்கள் பாக்கி வைத்திருப்பது இரண்டே இரண்டு கம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.