டேஞ்சர் லைட்டு மாத்தப் போறியாக்கும்?

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. உங்கப்பன் ஸ்பிளெண்டருக்கு எல்ஈடி டேஞ்சர் லைட்டு மாட்டப் போறியாம்ல? மாட்டு, மாட்டு. நான் வேணாம்னா சொன்னேன்? வண்டி ஓட்டுற உனக்கு அந்த லைட்டு கண்ணுல படவே படாது. பின்னால வர்ற லாரிக்காரனுக்குத்தான் தெரியும். ஆத்தாளுக்குத் தைலம் வாங்கியாடான்னா காது கேக்காத பய, முகந்தெரியாத லாரிக்காரனுக்காகக் காசு செலவழிக்கக் கிளம்பிட்டான். பெரிய தர்மப்பிரபுதான்.

கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி பழச ஒருவாட்டி கழட்டிப் பாரு. மங்கலா எரிஞ்சா பல்பு மேலதான் பழின்னு இல்ல. ஹோல்டருக்குள்ள பச்சை பூத்திருக்கும், எர்த்து பிடிச்ச போல்ட்டு துருவேறிக் கெடக்கும். உப்புத்தாள வச்சு நாலு இழுப்பு இழுத்தாலே பல வண்டிக்கு வெளிச்சம் திரும்பிரும். ஆனா உப்புத்தாளுக்கு ரீல்ஸ்ல லைக்கு விழாதுல்ல, அதனால உனக்கு ஒத்துவராது.

சரி, புதுசுதான்னு முடிவு பண்ணிட்ட. பழைய பல்புல 12 வோல்ட்டு, 21/5 வாட்டுன்னு போட்டிருக்கும். ஒரே குப்பிக்குள்ள ரெண்டு இழை. 5 வாட்டு சும்மா எரியறதுக்கு, 21 வாட்டு பிரேக்குக்கு. திருப்பி மாட்டிறக் கூடாதுன்னுதான் பக்கவாட்டு முளை ரெண்டையும் ஒன்னு மேல, ஒன்னு கீழ வச்சிருக்கான். உன்ன மாதிரி ஆள முன்னமே பாத்திருப்பான் போல. அப்படியும் அழுத்தித் திருகி ஏத்துற வீரனுங்க நம்ம ஊர்ல உண்டு.

முழு செட்டா மாத்துனா ஒயர்ல கை வைக்கணும். மொதல்ல பேட்டரி மைனஸக் கழட்டு. ஹீரோ ஹோண்டாவுல பச்சை எர்த்து, பழுப்பு டேஞ்சர் லைட்டு, பச்சையில மஞ்சக்கோடு போட்டது பிரேக்கு. பழுப்பையும் மஞ்சக்கோட்டையும் மாத்திக் குடுத்துப் பாரு, நல்ல வேடிக்கை. வண்டி போற வழி பூரா பிரேக்கு வெளிச்சம் எரியும். பின்னால வர்றவன் கொஞ்ச நேரம் பயப்படுவான், அப்புறம் பழகிருவான். நீ நெசமா பிரேக்கப் பிடிக்கும்போது நம்ப மாட்டான்.

ஒயரத் திருகி டேப்பு சுத்துனா மொத மழை வரைக்கும் தாங்கும். சால்டர் வச்சு, சூடு காட்டுனா சுருங்குற ஸ்லீவ மாட்டு.

இன்னொன்னு. உங்கப்பன் காலத்து வண்டியில டேஞ்சர் லைட்டு பேட்டரியில எரியறதில்ல. மேக்னெட்டுலேருந்து நேரா வர்ற ஏசி கரண்டு. இழை பல்பு சூட்டுல எரியறதால தெரியாது. எல்ஈடி போட்டா ஐடிலிங்ல வெடவெடன்னு நடுங்கும். அதையும் நீ ஸ்டைலுன்னு சொல்லிச் சமாளிச்சிருவ. ஏசிக்கும் டிசிக்கும் ஒத்துப்போற பல்பான்னு கேட்டு வாங்கு.

குறையே சொல்றேன்னு மூஞ்சியத் தூக்காத. இழை பல்பு சூடேறி முழுசாப் பளிச்சிட ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு ஆகும். எல்ஈடி அழுத்துன கையோட எரியும். 60 கிலோமீட்டர் வேகத்துல அந்த நேரத்துக்குள்ள பின்னால வர்றவன் 3 மீட்டருக்கு மேல வந்திருவான். லாரிக்காரனுக்கு அந்த 3 மீட்டரு பெருசு. உனக்கு அதவிடப் பெருசு.

சிவப்புக் கண்ணாடிக்குள்ள சிவப்பு எல்ஈடியே போடு. வெள்ளையப் போட்டா வெளுத்துப்போய் ரோஸ் நிறம் காட்டும். கறுப்புப் புகைக் கண்ணாடி வேற கேக்குறியாமே? விளக்கையும் வச்சு அதுக்கு முக்காடும் போடுறதா? அப்புறம், லைட்டுக்கு அடியில இருக்கிற வெள்ளை ஜன்னல் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் காட்டத்தான். பின்னாடி மட்டும் வெளிச்சம் அடிக்கிற எல்ஈடியப் போட்டா பிளேட்டு இருட்டாயிரும். நம்பர் ராத்திரியும் தெரியணும்கிறது சட்டம். செக்போஸ்ட்டுல நீயாச்சு, போலீஸ்காரராச்சு.

எல்லாம் மாட்டி முடிச்சதும், இருட்டுனப்புறம் உங்க அப்பத்தாவ வண்டிக்குப் பின்னால இருபது அடி தள்ளி நிறுத்து. முன்பிரேக்கத் தனியாப் பிடி, பின்பிரேக்கத் தனியா மிதி. மலிவு எல்ஈடி பலதுக்குச் சும்மா எரியறதுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே இருக்காது. கண்ணாடி போடாத கிழவிக்கே வித்தியாசம் தெரிஞ்சா நீ கெட்டிக்காரன். தெரியலேன்னா பழைய பல்பையே மாட்டிக்கிட்டு மரியாதையா வேலைக்குப் போ.