நாட்டத்துக்கு 20 மதிப்பெண்

பிரான்சிடமிருந்து எதை வாங்கிக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதில் புதுச்சேரிக்கு நல்ல தெளிவு உண்டு. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கட்டும். சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். 'ரூ' என்று தொடங்கும் தெருப்பலகையும் மஞ்சள் சுவரும் இருக்கட்டும். ரூம் வாடகை ஏறும். அதே பிரான்சில், மூன்று ஆண்டு வேலை பார்த்த நர்சிங் உதவியாளர் தேர்வாகி, மூன்று மாதத் தனிப்பயிற்சியும் முடித்தால், செவிலியர் பள்ளியில் நேராக இரண்டாம் ஆண்டில் போய் உட்காரலாம். 2023-இல் வந்த விதி இது. இதைப் பின்னணியில் வைத்து யாரும் செல்ஃபி எடுக்க முடியாது. ஆகவே நமக்கு வேண்டாம்.

நம் ஊர் வார்டுக்கு வருவோம். மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்காமல் ஹவுஸ் சர்ஜன் வியர்த்து நிற்கிறார். பாட்டியின் புறங்கை நீலம் பாரித்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் வாங்களேன்." வார்டின் நர்சிங் உதவியாளரான அக்கா வருகிறார். பாட்டியின் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுகிறார், வெந்நீர்த் துணியால் ஒற்றுகிறார், விரலால் தடவிப் பார்க்கிறார். முழங்கைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு நரம்பில் கன்னுலா ஏறிவிடுகிறது. கேஸ் ஷீட்டில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. சட்டப்படி அந்த ஊசியை அக்கா தொடவே கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டம் தூங்கப் போய்விடும். காலை ரவுண்ட்ஸில் எழுந்து வந்து, "ஏம்மா, தள்ளி நில்லு" என்னும்.

இந்த அக்கா நர்சிங் படிக்க ஆசைப்பட்டால்? பாவம், பத்து வருடத்துக்கு முன்பு ஆட்டோ முதுகில் ஒட்டியிருந்த 'வேலை உறுதி' விளம்பரத்தை நம்பி ஓராண்டு சர்டிபிகேட் வாங்கியவர். வேலை உறுதிதான், பொய்யில்லை. அந்த சர்டிபிகேட்டை நர்சிங் கவுன்சில் மட்டும் கண்டுகொள்ளாது. பிஎஸ்சி நர்சிங்கா? பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எங்கே? காமர்ஸ் குரூப்பா? போய் வாருங்கள். நியூட்டன் விதி தெரியாமல் படுக்கைப்புண் நோயாளியை எப்படிப் புரட்டுவீர்கள்?

சயின்ஸ் குரூப் படித்தவரே என்றாலும் நுழைவுத்தேர்வு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்ட விதிகளில் அதற்கு மதிப்பெண் பங்கீடே உண்டு: இயற்பியலுக்கு 20, வேதியியலுக்கு 20, உயிரியலுக்கு 20, ஆங்கிலத்துக்கு 20. மீதி 20? செவிலியப் பணியில் நாட்டம் உண்டா என்று சோதிக்க. பத்து வருடம் பெட்பான் எடுத்தவருக்கு நாட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை, நாலு விடையில் ஒன்றைக் கருப்பாக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பார்களாம். வார்டில் கழிந்த அந்தப் பத்து வருடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள். பூஜ்யம். பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் இவருக்கும் முதலாம் ஆண்டில் ஒரே பெஞ்சு. அங்கே முதல் பாடங்களில் ஒன்று, படுக்கையை எப்படி விரிப்பது.

விதியெல்லாம் டெல்லியில் எழுதியது, நாங்கள் என்ன செய்ய என்பார்கள் நம் தலைவர்கள். மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டு டெல்லிக்கு அனுப்பத் தெரிந்தவர்கள்தானே? இதற்கு ஒரு தாள் கிடைக்கவில்லையா? 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி திறந்த ஊர் இது. அந்த வேரிலிருந்துதான் ஜிப்மர். மருத்துவக் கல்லூரிகள் மட்டும் அரை டஜனுக்கு மேல். டாக்டர்களைத் தயாரிக்கக் கட்டடம் மேல் கட்டடம் எழுப்பிய ஊரில், வார்டைத் தூக்கிச் சுமப்பவர் ஒரு படி மேலே ஏற ஏணி கிடையாது.

இதையெல்லாம் தாண்டி, ராத்திரி டூட்டிக்கு நடுவே இயற்பியல் படித்து, சீட்டு நடத்துபவரிடம் கடன் வாங்கி, அக்கா விண்ணப்பிக்கத் தயாராகும்போது வயது 36 ஆகியிருக்கும். மேல் வரம்பு 35. ஒரு வயது கூடிப்போனதால் அவர் கைக்குப் படிப்பு வராது. அதே 36 வயதுக்காரரை இன்றிரவு ஒன்பது மணிக்கு ஐசியுவுக்கு வரச்சொல்லி போன் வரும். டபுள் டூட்டி.