தண்ணியைப் பூட்டிப்போட்டுப் பிளேன் ஏறும், மருமோன்

கலியாண வீட்டுக்கு ஊருக்குப் போறீராம். மார்கழிக் கடைசியிலை ஏறினால் தைப்பொங்கல் முடியத்தானாம் திரும்புறது. நல்லது மருமோன், போயிட்டு வாரும். நீர் கொக்குவிலிலை விசிறிக்குக் கீழை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு இருக்கேக்கை, இஞ்சை ஸ்காபுரோவிலை உம்மடை வீடு சைபருக்குக் கீழை 20இலை தனிய நிக்கும். அதாலை ஒரேயொரு கேள்வி. உம்மடை வீட்டுத் தண்ணியை முழுசாப் பூட்டிற வால்வு எங்கை இருக்கு?

முழிக்கிறீர். வீடு வாங்கினதிலை இருந்து விலை எவ்வளவு ஏறினதெண்டு கேட்டால் ஆயிரம் டொலர் பிசகாமல் சொல்லுவீர். வால்வெண்டால் மனுசியின்ரை முகத்தைப் பாக்கிறீர். பேஸ்மென்ற்றுக்கு இறங்கும். தெருப்பக்கச் சுவரோடை நிலத்தாலை ஒரு குழாய் எழும்பும், கிட்டவே மீற்றர் இருக்கும். அதிலைதான் அந்த வால்வு. முன்னாலை பாஸ்மதி அரிசி மூட்டையும், எறிய மனமில்லாத பழைய சோபாவும் நிக்கும், அதுகளைத் தள்ளும். தள்ளிப்போட்டு இண்டைக்கே ஒருக்காப் பூட்டித் திறந்து பாரும். கனகாலம் தொடாத வால்வு இறுகிப்போய்க் கிடக்கும். அதை நீர் கண்டுபிடிக்கிற நேரம், ரக்சிக்காரன் வாசலிலை நிண்டு ஹோர்ன் அடிக்கிற நேரமா இருக்கப்படாது.

“மாமா, நான் போனிலை பாத்துக்கொள்ளுவன்” எண்டு சொல்லப்போறீர். சுவரிலை கண்ணாடி மாதிரி மினுங்குற அந்த தெர்மோஸ்ரற்றை நானும் பாத்தனான். வீட்டுச் சூடு எத்தினை எண்டு அது யாழ்ப்பாணத்துக்குச் செய்தி அனுப்பும்தான். கரண்ட் நிண்டால் வைஃபையும் நிக்கும், வைஃபை நிண்டால் அதுக்கு வாயில்லை. அது பேசாமல் இருக்கிறதை நீர் சுகமா இருக்குதெண்டு நினைச்சுக்கொண்டு, பந்தியிலை இன்னொரு வடை கேப்பீர். காஸ் ஃபேர்னஸ்தானே, கரண்ட் எதுக்கெண்டும் கேளாதையும். காஸ் எரிஞ்சாலும் காத்தைத் தள்ளிற விசிறி கரண்டிலைதான் சுத்துது. 2013 மார்கழியிலை ஐஸ் மழை பெய்து ரொறன்ரோவிலை மட்டும் 3 லட்சம் இணைப்புக்குக் கிட்டக் கரண்ட் போனது. நத்தார் முடிஞ்சும் சில வீடுகளுக்கு வரேல்லை. கரண்ட் இருந்தாலும், பக்கச் சுவராலை வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கிற ரெண்டு வெள்ளைக் குழாயையும் சினோ மூடினால் ஃபேர்னஸ் தானா நிண்டுபோகும். அதைப் போய் வழிக்க உம்மடை போனுக்குக் கை இருக்கோ?

இன்னொரு கதையும் காதிலை விழுந்தது. ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குச் சூடெண்டு, ஹீற்றை முழுக்க நிப்பாட்டிப்போட்டுப் போற யோசனையாம். காஸ் காசு மிச்சமாம். கலியாணத்துக்கு ஒரு சாறிக்குக் குடுத்த காசு எனக்குத் தெரியும், இருந்தாலும் அதைப்பற்றிக் கதைக்கிறது என்ரை அலுவலில்லை.

தண்ணி உறைஞ்சால் நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். பியர்ப் போத்தலை ஃபிறீசருக்குள்ளை வைச்சு மறந்த உமக்கு நான் இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் கன பேர் நினைக்கிற மாதிரி ஐஸ் பிடிச்ச இடத்திலைதான் குழாய் வெடிக்குமெண்டில்லை. ஒரு இடத்திலை ஐஸ் அடைச்சு நீண்டுகொண்டு போக, அதுக்கும் பூட்டின பைப்புக்கும் நடுவிலை அம்பிட்ட தண்ணிக்கு ஓட இடமில்லாமல் அமுக்கம் ஏறும். ஏறி ஏறிக் கடைசியிலை பலமில்லாத மூட்டு ஒண்டைப் பிளக்கும். பிளந்த அண்டைக்குச் சிலவேளை ஒரு சொட்டும் வராது. பிளந்த குழாயை ஐஸே அடைச்சுக்கொண்டு நல்ல பிள்ளையா இருக்கும். பேந்து வெயில் எறிச்சு ஐஸ் இளகினவுடனைதான் கச்சேரி. நகரசபையின்ரை முழு அமுக்கத்தோடை இரவு பகலாத் தண்ணி ஓடும், நிப்பாட்ட வீட்டிலை ஆளில்லை. உம்மடை கராஜுக்கு மேலை இருக்கிற குளியலறைதான் முதல் பலி எண்டு நினைக்கிறன், கீழை சூடில்லாத இடம் அது. அங்கையிருந்து சீலிங், சீலிங்காலை காப்பெற், காப்பெற்றாலை பேஸ்மென்ற். நீர் வந்து கதவைத் திறக்கேக்கை சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கும்.

அதாலை ஹீற்றை நிப்பாட்டாதையும். 15இலை விட்டிட்டுப் போம். சிங்குக்குக் கீழை இருக்கிற அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிடும், சூடு குழாயிலை படட்டும். அதோடை அந்தப் பெரிய வால்வையும் பூட்டும். பூட்டினாப் பிறகு மேல்மாடியிலை ஒரு பைப்பையும், பேஸ்மென்ற்றிலை உடுப்புத் தோய்க்கிற இடத்துப் பைப்பையும் திறந்துவிட்டால், மேலாலை காத்துப் போகக் கீழாலை தண்ணி இறங்கும். சுடுதண்ணிப் பக்கத்தையும் மறக்காதையும். கக்கூசை ஒருக்கா இழுத்துவிடும். சுடுதண்ணித் தாங்கியைக் குறைச்சு வையும், ஆரும் குளிக்கப் போறதில்லை. வெளியிலை தோட்டத்து ஹோஸ் இன்னும் பைப்பிலை கொழுவினபடி கிடக்கிறதை நேற்றுக் கண்டனான். அதை ஐப்பசியிலேயே கழட்டியிருக்க வேணும். கழட்டி, உள்ளுக்கு இருக்கிற சின்ன வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்தபடி விடும். உம்மடை மிளகாய்க் கண்டு செத்து ரெண்டு மாசம், ஹோஸ் ஆருக்குக் காவல் நிக்குது?

சூடே இல்லாமல் பூட்டிற வீடுகளும் இருக்குதுதான். வடக்கை ஏரிக்கரையிலை கொட்டேஜ் வைச்சிருக்கிறவை அப்பிடித்தான் செய்யினம். ஆனால் அது வேறை வேலை. தாங்கியின்ரை காஸையோ கரண்டையோ முதல் நிப்பாட்டிப் பேந்து தண்ணியை வடிக்க வேணும். குழாய்க்குள்ளை மிச்சத்தைக் கொம்பிறசர் வைச்சு ஊதித் தள்ள வேணும். சிங்குக்குக் கீழை வளைஞ்ச குழாயிலை எப்பவும் கொஞ்சத் தண்ணி நிக்கும், சாக்கடை மணம் மேலை வராமல் மறிக்கிறதே அதுதான். அதுக்குள்ளை கொட்டேஜ்காரர் விடுகிற ரோசாநிற மருந்தை விட வேணும். கராஜிலை காருக்கெண்டு வைச்சிருக்கிறதைத் தூக்கி ஊத்திப் போடாதையும், அது நஞ்சு. இவ்வளவும் உமக்கு ஏலாது. பல்ப் மாத்திறதுக்கே யூரியூப் பாக்கிற ஆள்.

இனி இன்சூரன்ஸ். அந்தத் தடிச்ச புத்தகத்தை நீர் பிரிச்சே பாத்திருக்க மாட்டீர். இஞ்சத்தைக் கன பொலிசியளிலை ஒரு வசனம் இருக்கு. குளிர்காலத்திலை தொடர்ந்து 4 நாளுக்கு மேலை வீட்டிலை ஆளில்லாமல் குழாய் உறைஞ்சு வெடிச்சால் காசில்லை. தரவேணுமெண்டால், ஒண்டில் தண்ணியைப் பூட்டிக் குழாய் முழுக்க வடிச்சிருக்க வேணும். இல்லாட்டி 24 மணித்தியாலமும் ஆள் கண்காணிக்கிற அலாரத்தோடை ஹீற்றையும் குழாயையும் இணைச்சிருக்க வேணும். அதுவும் இல்லாட்டி ஒவ்வொரு நாளும் ஒரு ‘தகுதியான ஆள்’ உள்ளுக்குப் போய் ஹீற் இருக்கோ எண்டு பாத்திருக்க வேணும். உம்மடை பொலிசியிலை எத்தினை நாள், என்ன நிபந்தனை எண்டு புரோக்கரைக் கேட்டு எழுத்திலை எடும்.

கிழமைக்கு ஒருக்காப் போனால் காணாதோ எண்டு உம்மடை மனுசி கேட்டவ. காணாது. ஒவ்வொரு நாளும் எண்டால் ஒவ்வொரு நாளும்தான். உம்மடை சிநேகிதன் சனிக்கிழமையளிலை வாறனெண்டு சொன்னவனாம். போன கோடை உம்மடை றோசாவுக்குத் தண்ணி விடுறனெண்டு சொன்னவனும் அவன்தானே?

சரி, சுத்திவளைப்பான் ஏன், நான்தான் வாறன். இந்தக் குடும்பத்திலை என்னை ஒருத்தரும் இதுவரை தகுதியான ஆளெண்டு சொன்னதில்லை, முன்னைப் பின்னைத் தெரியாத இன்சூரன்ஸ்காரன் சொல்லுறான், அவன்ரை வாய் பொய்க்கக்கூடாது. திகதி போட்டுக் கொப்பியிலை கையெழுத்து வைப்பன், தெர்மோஸ்ரற்றைப் படமெடுத்து அனுப்புவன். நீர் திரும்பி வந்தால் வால்வைப் படாரெண்டு திறக்கப்படாது. மேல் பைப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாத் திறவும், காத்துச் சீறி அடங்கித் தண்ணி சீரா வரும்.

திறப்பை நாளைக்கே தாரும். வைஃபை பாஸ்வேர்ட்டையும் ஒரு துண்டிலை எழுதி வையும், தகுதியான ஆள் எவ்வளவு நேரந்தான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? 15இலை இருந்து சீரியல் பாக்க என்ரை முழங்கால் விடாது மருமோன். நான் வாற நேரம் மட்டும் 22க்கு ஏத்துவன். பில் உம்மடை பேரிலைதானே வரும்.